நெருக்கடி கொடுத்தால் வேலை கூடுமா? பணியிட மன அழுத்தமும் ஊழியர் செயல்திறனும்

கேள்வி – குழுத் தலைவர்

அனைவருக்கும் வணக்கம். வாடிக்கையாளர்களின் கணக்குகளைச் சரிபார்த்து அறிக்கை தயாரிக்கும் குழுவொன்றுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். குழுவில் உள்ள அனைவரும் அனுபவசாலிகள். வேலையில் அக்கறை இல்லாதவர் என்று ஒருவரைக்கூட என்னால் சுட்டிக்காட்ட முடியாது. சென்ற ஆண்டு சிலர் விலகியபோது அவர்களுடைய இடங்கள் நிரப்பப்படவில்லை. அதே வேளையில் முடிக்க வேண்டிய அறிக்கைகளின் எண்ணிக்கையும் உயர்ந்தது. எஞ்சியிருந்தவர்கள் நேரம் பார்க்காமல் உழைத்ததால் முதல் சில மாதங்களில் ஓர் அறிக்கைகூடத் தாமதமாகவில்லை. அதைப் பார்த்த மேலிடம், நெருக்கடி வந்தால்தான் மனிதரின் உண்மையான திறன் வெளிப்படும் என்ற முடிவுக்கு வந்துவிட்டது.

இப்போதும் அறிக்கைகள் குறித்த நாளில் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் திருத்தம் கேட்டுத் திரும்பி வருபவை பெருகிவிட்டன. ஐயம் எழுந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டவர்கள், இப்போது தாமாகவே ஏதோ ஒன்றை ஊகித்து எழுதிவிடுகிறார்கள். கூட்டங்களில் நான் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்பதற்கு மேல் விடை வருவதில்லை. காய்ச்சலோடு வேலைக்கு வருகிறார்கள். விடுப்பில் இருக்கும்போதும் அலுவலகச் செய்திகளுக்கு விடையளிக்கிறார்கள். இவற்றை மேலிடத்தில் எடுத்துச் சொன்னால், ‘எண்ணிக்கை குறையவில்லையே’ என்ற பதில்தான் கிடைக்கிறது.

அழுத்தம் செயல்திறனைக் கூட்டும் என்ற கருத்துக்கு உண்மையிலேயே ஆய்வு அடிப்படை உண்டா? எண்ணிக்கை குறையாத நிலையில் வேலையின் தரம் சரிந்திருப்பதை எப்படி நிறுவுவது? புதிதாக ஆள் சேர்க்கும் அதிகாரம் என்னிடம் இல்லை. அந்த வரம்புக்குள் நின்று நான் செய்யக்கூடியது என்ன? துறையறிவும் அனுபவமும் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் – தொழில்சார் உளவியல் கற்பிப்பவர்

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் வளைகோடு ஒன்றைக் காட்டுவது வழக்கம்: அழுத்தம் குறைவாக இருந்தால் செயல்திறனும் குறைவு, மிதமாக இருந்தால் உச்சம், மிகுந்தால் மறுபடியும் சரிவு என்று அது சொல்லும். இதன் வேர், ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் ஆகிய இருவர் 1908இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அவர்கள் ஆராய்ந்தது ஊழியர்களை அன்று, சுண்டெலிகளை. வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் வேறுபடுத்தி அறியச் சுண்டெலிகளைப் பழக்கினார்கள். தவறான பெட்டிக்குள் நுழைந்தால் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். வேறுபாடு பளிச்சென்று தெரிந்தபோது, அதிர்ச்சி வலுக்க வலுக்கச் சுண்டெலிகள் விரைவாகக் கற்றுக்கொண்டன. வெளிச்சத்தைக் குறைத்து வேறுபாட்டைக் கண்டறிவதைக் கடினமாக்கியபோது, மிதமான அதிர்ச்சியில்தான் கற்றல் விரைவாக நடந்தது. வலுவான அதிர்ச்சி அதைத் தாமதப்படுத்தியது. மாதக்கணக்கில் நீடிக்கும் பணிச்சுமையைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. அதைக் கொண்டு ‘ஊழியருக்குக் கொஞ்சம் நெருக்கடி நல்லது’ என்று முடிவு கட்டுவது, ஆய்வாளர்கள் கால் வைக்காத இடத்துக்கு அவர்களை இழுத்துச் செல்வதாகும்.

ஆயினும் அந்த ஆய்வில் உங்களுக்குப் பயன்படும் பகுதி ஒன்று உண்டு; பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் விட்டுவிடப்படுவதும் அதுதான். வேலை எளிதா, கடினமா என்பதைப் பொறுத்து அழுத்தத்தின் விளைவு மாறுகிறது. பழகிப்போன, ஒரே முறையில் செய்யும் வேலையை நெருக்கடியிலும் செய்துவிடலாம். பல தகவல்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முரண்பாடு கண்டால் நின்று யோசிக்க வேண்டிய வேலை அப்படிப்பட்டதன்று. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிதான் இத்தகைய சிந்தனையைத் தாங்குகிறது. தன் கட்டுப்பாட்டில் இல்லாத அழுத்தம் ஒருவரைத் தாக்கும்போது சுரக்கும் வேதிப்பொருள்கள் முதலில் இந்தப் பகுதியின் செயல்பாட்டைத்தான் குன்றச்செய்கின்றன என்பதை ஏமி ஆர்ன்ஸ்டன் போன்ற நரம்பியல் அறிஞர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். அப்போது மூளை பழக்கத்தின் பாதையில் ஓடத் தொடங்குகிறது. புதிய சிக்கலுக்கும் பழைய விடையையே எழுதுகிறது. உங்கள் குழுவினர் கேட்டுத் தெளியாமல் ஊகித்து எழுதுவதை நான் அலட்சியம் என்று சொல்லமாட்டேன்.

எண்ணிக்கை ஏன் குறையவில்லை என்பதற்கும் விளக்கம் உண்டு. ராபர்ட் ஹாக்கி என்ற உளவியலாளர் 1997இல் முன்வைத்த கருத்தின்படி, சுமை கூடும்போது மனிதர்கள் தம்மிடம் எது கண்காணிக்கப்படுகிறதோ அந்த முதன்மை இலக்கை எப்பாடுபட்டேனும் காப்பாற்றிவிடுகிறார்கள். அதற்கான விலையை வேறு இடங்களில் கொடுக்கிறார்கள். இரண்டாம் முறை சரிபார்த்தல் நின்றுபோகிறது. சக ஊழியருக்கு உதவுவதும் புதிதாகக் கற்பதும் நின்றுபோகின்றன. சிந்தனை மிகுதியாகத் தேவைப்படும் வழிமுறையை விட்டு எளிய குறுக்குவழிக்கு மாறுகிறார்கள். வேலை முடிந்த பிறகு உடலும் மனமும் மீள்வதற்கு முன்பைவிட நீண்ட நேரம் பிடிக்கிறது. உங்கள் குழுவில் காக்கப்படும் முதன்மை இலக்கு ‘குறித்த நாளில் அறிக்கை’ என்பது. அது கடைசியாகத்தான் விழும். அது விழும்வரை காத்திருந்தால் அதற்கு முன்பே மற்றவை எல்லாம் விழுந்திருக்கும்.

பதில் – உற்பத்திப் பிரிவு மேலாளர்

மேலே உள்ள விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காலக்கெடுவே இல்லாத வேலை முடிவதில்லை என்பதை ஆலைத்தளத்தில் பணியாற்றிய எவரும் அறிவார். வேலை குறைவாக இருக்கும் நாள்களில் என் பிரிவில் கவனக்குறைவால் நேரும் பிழைகள் கூடுவதையே பார்த்திருக்கிறேன். பெரிய ஆணையொன்று வந்து அனைவரும் தோளோடு தோள் நின்று முடித்த காலங்களை என் ஊழியர்களே பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். எல்லா அழுத்தமும் தீங்கு என்று மேலிடத்திடம் பேசினால் அவர்கள் நம்பமாட்டார்கள். நம்பாமல் இருப்பதற்கு அவர்களுக்கு நியாயமும் உண்டு.

என் அனுபவத்தில் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது: அந்தப் பெரிய ஆணைக்கு முடிவு நாள் இருந்தது, தேவையான மூலப்பொருளும் இயந்திரமும் கையில் இருந்தன, எப்படிச் செய்வது என்பதைத் தளத்தில் இருந்தவர்களே தீர்மானித்தார்கள், முடிந்த பிறகு ஓய்வும் கிடைத்தது. இந்த நான்கில் இரண்டு இல்லாமல் போனாலும், அதே அளவு வேலை வேறொன்றாக மாறிவிடுகிறது. முடிவு நாள் தெரியாத அவசரத்தை நான் அவசரம் என்றே ஏற்பதில்லை. அது ஆள் பற்றாக்குறையை மறைக்கும் பெயர்.

கூடுதல் நேரம் உழைத்தால் கூடுதல் விளைவு என்ற கணக்கும் ஓர் எல்லைக்குப் பிறகு பொய்த்துப்போகிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிபொருள் ஆலைகளில் பணிபுரிந்தவர்களின் உடல்நலத்தையும் உற்பத்தியையும் ஆராய 1915இல் குழுவொன்று அமைக்கப்பட்டது. அது திரட்டிய பதிவுகளை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து ஜான் பென்கவெல் என்ற பொருளியலாளர் மறுபடியும் கணக்கிட்டுப் பார்த்தார். வாரத்துக்கு ஏறக்குறைய 50 மணி நேரம்வரை உற்பத்தி வேலை நேரத்துக்கு ஏற்ப உயர்ந்தது. அதன்பின் அந்த உயர்வு தேய்ந்தது. 70 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்திக்கும் 56 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்திக்கும் பெரிய வேறுபாடு இல்லை. துண்டு துண்டாக எண்ணக்கூடிய கைவேலையிலேயே இப்படி என்றால், எண்ண முடியாத மூளை உழைப்பில் என்னவாகும் என்பதை மேலிடத்திடம் கேட்டுப் பாருங்கள். மனிதநேயத்தின் பெயரால் பேசும்போது காது கொடுக்காதவர்கள் உற்பத்திக் கணக்கைக் காட்டினால் கேட்பார்கள்.

பதில் – தொழில்சார் உளவியல் கற்பிப்பவர்

உற்பத்திப் பிரிவு நண்பர் பிரித்துக் காட்டியதை ஆய்வுகளும் பிரித்துத்தான் பார்க்கின்றன. 2000ஆம் ஆண்டில் கேவனாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் பணியிட அழுத்தத்தை இரண்டாக வகுத்தார்கள். பொறுப்பு மிகுந்த வேலை, கடினமான இலக்கு, நேர நெருக்கடி போன்றவை ஒருவரைச் சவாலுக்கு அழைப்பவை. தெளிவில்லாத பொறுப்பு, ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகள், தேவையற்ற நடைமுறைகள், அலுவலக அரசியல் போன்றவை வெறும் தடைகள். பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முதல் வகை செயல்திறனோடு நேர்முகமாகவும் இரண்டாம் வகை எதிர்முகமாகவும் தொடர்புகொண்டிருந்தன. ஆனால் இரண்டு வகைகளுமே உடல், மனச் சோர்வைக் கூட்டின. இந்த இரண்டாவது செய்தியைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். விரும்பி ஏற்ற சவாலும் ஆளைத் தேய்க்கும். மீள்வதற்கு இடைவெளி இருந்தால் மட்டுமே அது தாங்கத்தக்கது.

பதில் – மனித வளத் துறையில் பணிபுரிபவர்

‘எண்ணிக்கை குறையவில்லையே’ என்ற பதிலை எதிர்கொள்ளும் பலருக்கு உதவும் என்பதால், அளவிடும் முறையைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், முடிக்கப்பட்ட அறிக்கைகளின் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றுள் எத்தனை முதல் முறையிலேயே ஏற்கப்பட்டன என்பதைத் தனியாகக் கணக்கிடுங்கள். திரும்பி வந்தவற்றைச் சரிசெய்யச் செலவான மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே அறிக்கையை இருமுறை செய்வதற்கு ஆகும் நேரம் இப்போது யாருடைய கணக்கிலும் வராமல், குழுவினரின் மாலை நேரத்திலிருந்தும் விடுமுறையிலிருந்தும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்த நேரத்தைக் காகிதத்தில் கொண்டுவந்துவிட்டால், ஆள் குறைப்பால் கிடைத்ததாகக் கருதப்படும் சேமிப்பின் உண்மையான அளவு தெரிந்துவிடும். ஆட்கள் விலகுவதற்கு முந்தைய காலத்துக்கும் இதே கணக்கைப் போட்டு அருகருகே வையுங்கள். ஒப்பீடு இல்லாத எண் எவரையும் அசைப்பதில்லை.

இரண்டாவதாக, பிழை எந்த நேரத்தில், எந்த வகை வேலையில் நேர்கிறது என்று பாருங்கள். பழகிய பகுதிகளில் பிழை கூடாமல், தீர்ப்பும் நிதானமும் தேவைப்படும் பகுதிகளில் மட்டும் கூடியிருந்தால், அது சோம்பலின் அடையாளமன்று. மேலே விளக்கப்பட்ட சிந்தனைச் சோர்வின் அடையாளம். மாத இறுதியிலும் நாளின் கடைசி மணிகளிலும் பிழைகள் குவிந்தால், காரணம் இன்னும் தெளிவாகிவிடும்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்குகளைத் தனி ஊழியரின் பெயரில் எடுக்காதீர்கள். யார் எத்தனை பிழை செய்தார் என்ற பட்டியல் சுவரில் ஏறிய மறுநாளே பிழைகள் மறைக்கப்படத் தொடங்கும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து வழங்குவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட முடிவு இங்கே மிகவும் பொருந்தும். நன்றாக வழிநடத்தப்பட்ட பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பதிவான பிழைகளோ அங்கேதான் அதிகமாக இருந்தன. அந்தப் பிரிவினர் அதிகம் தவறு செய்தார்கள் என்பது அதற்குப் பொருளன்று. அச்சமின்றி வெளியே சொன்னார்கள் என்பதே அவருடைய விளக்கம். ஆகவே உங்கள் குழுவில் பதிவாகும் பிழைகள் திடீரென்று குறைந்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன் விசாரியுங்கள். கூட்டங்களில் நிலவும் மௌனத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் பார்வையில், நீங்கள் குறிப்பிட்ட அறிகுறிகளில் மிகவும் கவலைக்குரியது அதுவே.

காய்ச்சலோடு வருவதைப் பற்றியும் ஒரு சொல். விடுப்பு எடுப்போரின் எண்ணிக்கை குறைந்திருப்பதைக் காட்டி ஊழியர் நலன் நன்றாக இருக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. வேலைக்கு வந்தும் முழுத் திறனோடு பணியாற்ற இயலாத நிலை எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 கோடி வேலை நாள்கள் இழக்கப்படுவதாகவும், அதனால் ஏற்படும் உற்பத்தி இழப்பு ஒரு லட்சம் கோடி அமெரிக்க டாலர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இவ்வளவு பெரிய இழப்பும் நிகழும் காலத்தில் ஒவ்வோர் அலுவலகத்தின் அறிக்கையிலும் ‘வருகை வழக்கம்போல்’ என்றே எழுதப்பட்டிருக்கக்கூடும்.

பதில் – செவிலியர்

நான் ஆய்வாளர் அல்லள். நெருக்கடியான பிரிவொன்றில் நீண்ட காலம் பணியாற்றியவள் என்ற முறையில், குழுவில் உள்ளவர்களின் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன். நான் பணிபுரிந்த மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சோர்வு என்றால் களைத்துப்போதல் மட்டுமே. களைப்பு முதல் படிதான். அது உறக்கத்தில் தீரும் என்று நாமும் நம்பிக்கொண்டிருப்போம். உறங்கி எழுந்தும் தீராத களைப்பு வந்த பிறகு, இரண்டாவதாக வருவது ஒரு வகை விலகல். நோயாளியின் பெயர் மறந்து படுக்கை எண் மட்டும் நினைவில் நிற்கும். முன்பு மனத்தைத் தொட்ட துயரம் இப்போது எரிச்சலூட்டும். கல்நெஞ்சால் வருவதன்று அது; இன்னும் கொஞ்சம் உணர்ந்தால் தாங்கமுடியாது என்பதால் மனம் தானாகவே கதவைச் சாத்திக்கொள்கிறது. மூன்றாவதாக, நான் செய்வதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம் வந்து குடியேறுகிறது. கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் உருவாக்கிய அளவுகோல் பணிச்சோர்வை இந்த மூன்று கூறுகளாகவே அளக்கிறது என்பதைப் பின்னாளில் படித்தபோது, நான் கடந்துவந்த பாதையை யாரோ ஏற்கெனவே வரைந்து வைத்திருந்ததாகவே தோன்றியது. உலகச் சுகாதார நிறுவனம் இதைத் தனி நோயாக வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவாக, தொழில் சார்ந்த ஒரு நிலையாக வரையறுத்திருக்கிறது. அந்த வரையறையில் எனக்குப் பெரிய ஆறுதல் இருந்தது. குறை ஊழியரின் உள்ளத்தில் மட்டும் இல்லை என்பதை அது வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது.

உங்கள் குழுவினர் ‘சரி’ என்று மட்டும் சொல்வதைக் கேட்டபோது, இரண்டாம் படியை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அவர்கள் அக்கறையற்றவர்களாக மாறிவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம் ‘உற்சாகமாக இருங்கள்’ என்று சொல்வதைவிடப் புண்படுத்துவது வேறெதுவும் இல்லை.

எங்களுக்கு உதவியவை மிகச் சிறியவை. பணி அட்டவணையை முன்கூட்டியே அறிவித்து, அறிவித்த பிறகு மாற்றுவதில்லை என்று ஒரு மேற்பார்வையாளர் உறுதியாக நின்றார். வேலைப் பளு குறையவில்லை. ஆனால் எந்த இரவு என்னுடையது என்பது எனக்குத் தெரிந்தது. ஐயம் கேட்டால் முகம் சுளிக்காத மூத்தவர் ஒருவர் ஒவ்வொரு பணிமுறையிலும் இருக்குமாறு அவரே ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகு நாங்கள் ஊகித்துச் செய்வதை நிறுத்தினோம்.

கேள்வி கேட்டவர் – குழுத் தலைவர்

அனைவருக்கும் நன்றி. முதல் முறையிலேயே ஏற்கப்படும் அறிக்கைகளின் விகிதத்தைக் கணக்கிடத் தொடங்குகிறேன். செவிலியர் அம்மையார் எழுதியதைப் பலமுறை படித்தேன்.

மேலும் ஒன்று கேட்க வேண்டும். நிலைமையைப் பற்றி நான் தொடர்ந்து பேசியதன் விளைவாக, ஊழியர்களுக்கு மனஉறுதிப் பயிற்சியும் தியான வகுப்பும் நடத்த மேலிடம் முன்வந்திருக்கிறது. அதை ஏற்பதா, மறுப்பதா என்று தெரியவில்லை. மறுத்தால் ‘உதவ வந்தோம், வேண்டாம் என்றார்கள்’ என்று சொல்லக்கூடும். ஏற்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் கருதப்படும் என்று அஞ்சுகிறேன்.

பதில் – பணியிட நலன், பாதுகாப்பு ஆலோசகர்

வகுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதை விடையாக ஏற்காதீர்கள். தியானத்தால் தனிப்பட்ட முறையில் பயன்பெறுவோர் உண்டு என்பதில் ஐயமில்லை. பணியிடச் சிக்கலுக்கு அது தீர்வாகுமா என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளைக் கொண்டு வில்லியம் ஃபிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வில், மனஉறுதிப் பயிற்சி, தியானம், நலன்சார் செயலிகள் போன்றவற்றில் பங்கேற்றவர்களின் நலன் பங்கேற்காதவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. வகுப்பு முடிந்து இருக்கைக்குத் திரும்பினால் அங்கே அதே சுமையும் அதே குழப்பமும் காத்திருக்கின்றன. அந்த வகுப்பு வேலை நேரத்துக்கு வெளியே நடத்தப்பட்டால், அது கூடுதல் சுமையாகவும் ஆகிவிடும். குறைந்தது அலுவலக நேரத்துக்குள், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையாவது கேட்டுப் பெறுங்கள்.

இனி, ஆள் சேர்க்கும் அதிகாரம் இல்லாமல் செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கருத்து இன்றுவரை என் ஆலோசனைப் பணிக்கு அடிப்படையாக இருக்கிறது. சுமை மிகுதியாகவும், தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் மிகக் கடுமையாக இருக்கும் என்பது அவருடைய கண்டறிதல். அதே சுமை, போதிய உரிமையோடு வரும்போது கற்றலாகவும் ஊக்கமாகவும் மாறக்கூடும். லண்டனில் பணிபுரிந்த 10,308 அரசு ஊழியர்களைக் கொண்டு 1985இல் தொடங்கி மைக்கேல் மார்மட் வழிநடத்திய நெடுங்கால ஆய்விலும், வேலையின்மீது கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களிடம் இதயநோய் அதிகமாகக் காணப்பட்டது. சுமையைக் குறைக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லாவிட்டாலும், கட்டுப்பாட்டைக் கூட்டும் அதிகாரம் ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. எந்த அறிக்கையை முதலில் எடுப்பது, யார் எதைச் சரிபார்ப்பது, கூட்டம் எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பவற்றை நீங்கள் அறிவிக்காமல் குழுவினரே முடிவு செய்யட்டும். பெயரளவுக்கு ஆலோசனை கேட்டுவிட்டு முன்பே எடுத்த முடிவைச் சொல்வது, கேட்காமல் இருப்பதைவிட மோசமானது.

அடுத்தது முன்னுரிமை. எல்லாமே அவசரம் என்று வரும்போது, எதைக் கைவிடுவது என்ற கடினமான முடிவு மிகக் கீழே இருப்பவரின் தலையில் சொல்லாமலே விழுகிறது. அவர் கைவிட்டது பின்னால் பிழையென்று பதிவாகிறது. அந்த முடிவை மேலே அனுப்புங்கள். ‘இந்த வாரம் இத்தனை அறிக்கைகளை முழுமையாகச் சரிபார்க்க முடியும், எஞ்சியவற்றில் எவற்றைத் தள்ளிவைப்பது, எவற்றுக்குச் சுருக்கமான சரிபார்ப்பு போதும் என்பதைத் தெரிவிக்கவும்’ என்று எழுத்தில் கேளுங்கள். இதை முறையீடாக எழுதாமல் வழக்கமான அலுவலகக் குறிப்பாக எழுதுங்கள். பெரும்பாலான மேலிடங்கள் இப்படிக் கேட்கப்படும்போதுதான் தாம் கேட்பதன் அளவை முதன்முறையாக உணர்கின்றன.

இடையூறுகளையும் குறைக்கலாம். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதையும், அதனால் புதிய வேலையின் தரம் குறைகிறது என்பதையும் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். நாளில் சில மணி நேரம் எந்தச் செய்தியும் கூட்டமும் இல்லாத நேரமாகக் குழு முழுவதற்கும் அறிவிக்க முடிந்தால், கடினமான அறிக்கைகளை அந்த நேரத்துக்கு ஒதுக்கலாம். வேலை நேரத்துக்குப் பின் செய்தி அனுப்புவதை முதலில் நீங்கள் நிறுத்துங்கள். மற்றவர்களுக்கு விதி போடுவது அதற்குப் பிறகு வரட்டும். வேலையிலிருந்து மனத்தளவில் விலகியிருக்கும் நேரமே மறுநாளுக்கான ஆற்றலைத் தருகிறது என்று சபீனா ஸொன்னென்டாக்கின் ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவந்திருக்கின்றன. ‘அவசரமில்லை, நாளை பாருங்கள்’ என்ற குறிப்போடு இரவில் வரும் செய்தியும் அந்த விலகலைக் குலைத்துவிடுகிறது.

இவற்றால் தீராத ஒன்றும் இருக்கிறது. உழைப்புக்கும் அதற்குக் கிடைக்கும் ஊதியம், மதிப்பு, வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் இடையிலான சமநிலை குலைவதே அழுத்தத்தின் மையம் என்று யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996இல் விளக்கினார். ஊதியத்தை உங்களால் உயர்த்த முடியாது. ஆனால் விலகியவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்துவருபவர்களின் பெயர்களையும், அவர்கள் கூடுதலாக ஏற்றிருக்கும் பொறுப்புகளையும் ஆண்டு மதிப்பீட்டில் பதிவு செய்யுங்கள். பதிவாகாத கூடுதல் உழைப்பு விரைவிலேயே வழக்கமான உழைப்பாகக் கருதப்பட்டுவிடும். அதற்குப் பிறகு அதைக் குறைப்பதுகூடச் செயல்திறன் குறைவாகக் கணக்கிடப்படும்.

பதில் – மனித வளத் துறையில் பணிபுரிபவர்

ஆலோசகர் சொன்ன எழுத்துக் குறிப்பை அனுப்பும்போது, முதல் முறை ஏற்கப்பட்ட அறிக்கைகளின் விகிதத்தையும் மறுவேலை நேரத்தையும் அதே பக்கத்தில் இணையுங்கள். தனித்தனியாக அனுப்பினால் ஒன்று கோரிக்கையாகவும் மற்றொன்று குற்றச்சாட்டாகவும் படிக்கப்படும். மாற்றங்களைக் குழு முழுவதிலும் ஒரே நாளில் கொண்டுவராமல் ஒரு வகை அறிக்கையில் மட்டும் தொடங்கினால், முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் காட்ட எளிதாக இருக்கும். மேலிடமும் அனுமதிக்கத் தயங்காது.

பதில் – செவிலியர்

இவை பலன் தருவதற்குக் காலம் பிடிக்கும். அதற்குள் குழுவில் யாராவது தொடர்ந்து உறக்கமில்லாமல் இருந்தாலோ, நெஞ்சுப் படபடப்பைப் பற்றிச் சொன்னாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற வகையில் பேசினாலோ, அவரைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்த்துக் காத்திருக்க வைக்காதீர்கள். தனியாக அழைத்துப் பேசுங்கள். பேசுவதைவிட அதிகமாகக் கேளுங்கள். அன்றே விடுப்புக்கும் மருத்துவரைப் பார்ப்பதற்கும் வழி செய்யுங்கள். அவர் விடுப்பில் இருக்கும் நாள்களில் அவருடைய அறிக்கைகளை யார் பார்ப்பார் என்பதையும் அவர் கிளம்புவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் போனால் அவர் வீட்டிலிருந்தபடியே வேலையைத் தொடர்வார்.